தறியை இயக்கிய ஆற்றல்

காஞ்சிபுரம் வட்டாரத்துப் பட்டு நெசவின் வரலாறு பெரும்பாலும் அரசர்களின் கொடைகளையும், கோயில்களின் தேவைகளையும், வணிகர்களின் முதலீட்டையும், நெசவுச் சமூகங்களின் இடப்பெயர்வையும் கொண்டு எழுதப்பட்டுள்ளது. இவை யாவும் இன்றியமையாத செய்திகளே. ஆயினும் நீராவியும் மின்சாரமும் தொடாத ஒரு தொழில் பல நூற்றாண்டுகள் எந்த ஆற்றலால் இயங்கியது என்ற கேள்வி அவற்றில் எழுப்பப்படுவதில்லை. முசுக்கொட்டை இலையின் உயிரணு சூரிய ஒளியைச் சர்க்கரையாக மாற்றியது. பட்டுப்புழுவின் உயிரணு அந்த இலையை இழையாக மாற்றியது. நெசவாளரின் தசை உயிரணு அரிசியையும் கேழ்வரகையும் மிதியின் அசைவாகவும் நாடாவின் ஓட்டமாகவும் மாற்றியது. இந்த மூன்று மாற்றங்களும் சேர்ந்ததே பட்டுத் தொழிலின் பொருளாதாரம். ஆகவே அதன் வரலாற்றை இந்த வழியிலும் எழுதிப் பார்ப்பது பொருந்தும்.

வாலாஜாபாத், காஞ்சிபுரத்திற்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், பாலாற்றின் வடகரையில் அமைந்த ஊர். 1749 முதல் 1795 வரை ஆர்க்காட்டு நவாபாக இருந்த முகமது அலி வாலாஜாவின் பெயரால் அழைக்கப்படும் இவ்வூர், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் முக்கியப் படைநிலைகளுள் ஒன்றாக விளங்கியது. படை போயிற்று, தறி நிலைத்தது. வாலாஜாபாத்தை ஒட்டிய ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை ஆகிய ஊர்களில் பட்டு நெசவு இன்றளவும் வாழ்வாதாரமாக இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் நெசவு எவ்வளவு பழமையானது என்பதற்கு உத்தம சோழனின் செப்பேடு சான்றாகும். சென்னை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படும் அச்செப்பேடு, 10-ஆம் நூற்றாண்டிலேயே கச்சிப்பேட்டில், அதாவது காஞ்சிபுரத்தில், சாலிய நெசவாளர்கள் நான்கு சேரிகளில் குடியிருந்ததையும், அங்குள்ள ஊரகத்துக் கோயிலின் அறக்கட்டளைகளைக் கவனிக்கும் பொறுப்பு அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டதையும் தெரிவிக்கிறது. ஒரு நூற்றாண்டு கழித்து, வாலாஜாபாத்திற்கு அருகே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை ஒன்றைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. ஆதுலர்சாலை என்பது நோயாளிகளைத் தங்கவைத்து மருத்துவம் பார்க்கும் இடம். மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், பணிப்பெண்கள், மாணவர்கள் ஆகிய ஒவ்வொருவருக்கும் இன்ன அளவு நெல் என்று அக்கல்வெட்டு வகுத்திருக்கிறது. உழைப்புக்கு ஈடு நெல் என்ற இந்த ஏற்பாட்டை வெறும் பண்டமாற்று என்று கடந்துவிட இயலாது. நெல்லில் அடங்கியிருக்கும் மாவுச்சத்துதான் உழைப்பவரின் உடலில் உழைப்பாக வெளிப்படுகிறது. சோழர் காலக் கணக்கர்கள் அந்த விதியை வேதியியலாக அறியாவிட்டாலும், ஆளுக்கு இத்தனை என்று அளந்துகொடுத்த நடைமுறையில் அதை ஏற்றிருந்தார்கள்.

பட்டு நூல் இவ்வட்டாரத்தில் விளைந்ததன்று. இன்று காஞ்சிபுரத் தறிகளுக்கு வரும் நூலின் பெரும்பகுதி கர்நாடகத்தில் உற்பத்தியாவது. அங்கே அத்தொழில் வேரூன்றியதற்கு 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திப்பு சுல்தான் வங்காளத்திலிருந்து புழுக்களை வரவழைத்துச் செய்த முயற்சி அடிப்படையாக அமைந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் சென்னையிலும் ஒரு முயற்சி நடைபெற்றது. கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், 1790-களில் முசுக்கொட்டைத் தோட்டங்களை அமைத்து, புழு முட்டைகளை வரவழைத்து, சென்னை மாகாணத்தைப் பட்டு விளையும் நிலமாக்க ஆர்வத்துடன் பாடுபட்டார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அத்திட்டம் கைவிடப்பட்டது. அது நிலைத்திருந்தால் பாலாற்றங்கரையின் நெசவாளர்கள் நூலுக்காக வெளி மாநிலத்தை நம்பியிருக்க வேண்டிய நிலை ஓரளவேனும் குறைந்திருக்கும்.

ஆண்டர்சன் முசுக்கொட்டை நட்ட அதே தலைமுறையில்தான், அந்த இலைக்குள் நடப்பது என்ன என்பதை ஐரோப்பிய அறிஞர்கள் அறியத் தொடங்கினார்கள். 1771-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிந்து கெட்டுப்போன காற்றைப் புதினாச் செடி மீண்டும் நல்ல காற்றாக்குவதைக் கண்டார். 1779-இல் ஜான் இங்கன்ஹவுஸ், செடியின் பச்சைப் பகுதிகள் மட்டுமே, அதுவும் வெளிச்சத்தில் மட்டுமே அவ்வாறு செய்கின்றன என்று நிறுவினார். 1804-இல் நிக்கோலா தியோடர் த சொசூர், செடியின் எடை கூடுவதில் காற்றிலுள்ள கரியமில வாயுவுக்கும் தண்ணீருக்கும் பங்குண்டு என்று அளந்து காட்டினார். ஜெர்மானிய மருத்துவரான ராபர்ட் மேயர், 1840-இல் கப்பல் மருத்துவராக ஜாவாவுக்குச் சென்றிருந்தபோது, வெப்ப நாட்டில் மனிதரின் சிரை இரத்தம் வழக்கத்தைவிடச் சிவந்திருப்பதைக் கவனித்து, உடல் சூடு, உணவு, உழைப்பு ஆகிய மூன்றும் ஒரே கணக்கில் அடங்குபவை என்ற முடிவை நோக்கி நகர்ந்தார். 1845-இல், செடிகள் ஒளியின் ஆற்றலை வேதி ஆற்றலாக மாற்றிச் சேமிக்கின்றன என்றும் எழுதினார். ஆற்றல் ஆக்கப்படுவதில்லை, ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்திற்கு மாற்றப்படுகிறது என்ற கருத்து உயிரியலுக்குள் நுழைந்தது இவ்வாறே.

அந்த மாற்றம் நடக்கும் இடம் இலை உயிரணுவிலுள்ள பசுங்கணிகம். அது பச்சையம் என்ற நிறமி அடுக்கடுக்கான மெல்லிய சவ்வுகளில் பதிந்துள்ள நுண்ணுறுப்பு. ஒளி பச்சையத்தில் படும்போது ஓர் எலக்ட்ரான் கிளர்ச்சியுற்று வெளியேறுகிறது. அதன் இடத்தை நிரப்ப நீர் மூலக்கூறு பிளக்கப்பட்டு, ஆக்சிஜன் வெளிவிடப்படுகிறது. வெளியேறிய எலக்ட்ரான் சவ்விலுள்ள புரதங்களின் வழியே கைமாறிச் செல்லும்போது கிடைக்கும் ஆற்றலால் ஹைட்ரஜன் அயனிகள் சவ்வின் ஒரு பக்கத்தில் குவிக்கப்படுகின்றன. குவிந்த அயனிகள் ஒரு நொதியின் வழியாக மறுபக்கம் பாயும்போது அடினோசின் டிரை பாஸ்பேட், சுருக்கமாக ஏடிபி, என்ற மூலக்கூறு உருவாகிறது. மூன்று பாஸ்பேட் தொகுதிகளைக் கொண்ட இம்மூலக்கூறின் கடைசித் தொகுதி பிரியும்போது விடுபடும் ஆற்றலே உயிரணுவின் பெரும்பாலான வேலைகளைச் செய்விக்கிறது. கரியமில வாயுவிலிருந்து ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு உருவாவதற்கு 18 ஏடிபி மூலக்கூறுகள் செலவாகின்றன என்பது, மெல்வின் கால்வினும் அவருடைய துணைவர்களும் 1940-களின் பிற்பகுதி முதல் கலிபோர்னியாவில் நடத்திய ஆய்வுகளால் தெளிவான வேதி வழியிலிருந்து பெறப்படும் கணக்கு. மாவுச்சத்தும் கொழுப்பும் அறுவடை முடிந்து நிரம்பிய குதிர் என்றால், ஏடிபி என்பது அன்றன்றைக்கு அதிலிருந்து அளந்தெடுத்து உலையிலிடும் அரிசி; குதிரில் எவ்வளவு இருந்தாலும் உலைக்கு வந்த அரிசியே சோறாகும்.

இலையைத் தின்னும் புழுவின் வளர்ச்சி உயிரினங்களிடையே வியப்புக்குரியது. முட்டையிலிருந்து வெளிவந்து ஏறத்தாழ 25 நாட்களில் பட்டுப்புழு தன் எடையைச் சுமார் 10,000 மடங்கு பெருக்கிக்கொள்கிறது. வாழ்நாளில் தின்னும் இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலானதை ஐந்தாம் பருவமாகிய இறுதி நாட்களில் தின்கிறது. தின்றதன் பெரும்பயன் அதன் உடலின் இருபுறமும் மடிந்து கிடக்கும் பட்டுச் சுரப்பிகளைச் சேர்கிறது. இச்சுரப்பிகளின் உயிரணுக்கள் முட்டைக்குள் கரு வளரும்போதே எண்ணிக்கையில் நிறைவுபெற்றுவிடுகின்றன; பிறகு அவை பிரிவதில்லை, மாறாகத் தம் மரபுப் பொருளை மட்டும் திரும்பத் திரும்பப் படியெடுத்துக்கொண்டு பெரிதாகப் பருக்கின்றன. ஒரே புரதத்தை மிகுந்த அளவில், மிகக் குறுகிய காலத்தில் செய்து முடிப்பதற்கான ஏற்பாடு இது.

அப்புரதத்தின் பெயர் ஃபைப்ராயின். கிளைசின், அலனைன், செரின் என்ற மூன்று அமினோ அமிலங்களே அதன் பெரும்பகுதி. அமினோ அமிலங்கள் என்பவை புரதச் சங்கிலியின் கண்ணிகள். ஃபைப்ராயினின் பெரிய சங்கிலி ஒன்றில் 5,263 கண்ணிகள் உள்ளன. ஒரு கண்ணியை அடுத்ததுடன் இணைக்கக் குறைந்தது நான்கு உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்புகள் செலவாக வேண்டும். ஆகவே ஒரேயொரு சங்கிலிக்கு 21,000-க்கும் மேற்பட்ட பிணைப்புகள் உடைபடுகின்றன. ஒரு கூட்டின் இழையிலோ இத்தகைய சங்கிலிகள் எண்ணில் அடங்காமல் அடுக்கப்பட்டிருக்கின்றன. பட்டின் விலை உயர்வுக்குக் காரணம் கேட்போருக்கு, வணிகரின் இலாபத்தையும் சரிகையின் விலையையும் சொல்வதற்கு முன்பாக இந்த உயிரணுச் செலவைச் சொல்ல வேண்டும். இச்செலவை ஈடுசெய்வது, சுரப்பி உயிரணுக்களில் நிறைந்துள்ள மைட்டோகாண்டிரியாக்கள். இவை உணவிலிருந்து வந்த சர்க்கரையையும் கொழுப்பையும் ஆக்சிஜனின் துணையால் சிதைத்து ஏடிபியை ஆக்கித் தரும் நுண்ணுறுப்புகள். கூடு கட்டி முடித்த புழு அந்துப்பூச்சியாக வெளிவந்தபின் உண்பதேயில்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பைக் கொண்டே இணைசேர்ந்து, முட்டையிட்டு, மடிகிறது.

புழு வளர்ப்பின் வரலாற்றில் பெரும் அழிவை விளைவித்த பெப்ரின் நோயும் ஆற்றலைப் பற்றிய கதைதான். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் பட்டுத் தொழிலை நிலைகுலையச் செய்த அந்நோயை ஆராய 1865-இல் அலே நகருக்குச் சென்ற லூயி பாஸ்டர், முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நுண்ணோக்கியில் சோதித்து, நோய்த்துகள் இல்லாதவற்றின் முட்டைகளை மட்டுமே வளர்க்கும் முறையை வகுத்தார். இந்திய முட்டை உற்பத்தி மையங்களில் இன்றும் பின்பற்றப்படுவது அம்முறையே. அந்நோயை உண்டாக்கும் நுண்ணுயிர் மைக்ரோஸ்போரிடியா என்ற வகுப்பைச் சேர்ந்தது. அவ்வகுப்பின் உயிர்களிடம் ஏடிபி ஆக்கும் முழுமையான மைட்டோகாண்டிரியா இல்லை. தாம் புகுந்த உயிரணுவில் ஆயத்தமாக இருக்கும் ஏடிபியை இழுத்துக்கொள்ளும் புரதங்களைத் தம் மேற்புறத்தில் அமைத்துக்கொண்டு, பிறர் ஆக்கியதைக் கொண்டு அவை வாழ்கின்றன. பெப்ரின் தாக்கிய புழு இலை தின்றும் மெலிவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கூட்டிலிருந்து எடுத்த நூல் தறிக்கு வருவதற்கு முன்பு, செரிசின் என்ற பசைப்புரதத்தை நீக்க வெந்நீரில் வேகவைக்கப்படுகிறது. அதில் கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். பிறகு சாயம் ஏற்றப்படுகிறது. பாலாற்று நீரில் தோய்ந்த பட்டுக்குத் தனி மினுமினுப்பு உண்டு என்பது காஞ்சிபுரத்து நெசவாளர்களின் உறுதியான நம்பிக்கை. அதன்பின் தெருவில் பாவு நீட்டி, அரிசிக் கஞ்சி ஏற்றி, வெயிலில் உலர்த்துவார்கள். நெல்மணியின் உயிரணுக்கள் அடுத்த தலைமுறை நாற்றுக்காகச் சேர்த்துவைத்த அதே மாவுச்சத்து, இங்கே இழை பிரியாமலும் அறாமலும் காக்கும் பசையாகிறது.

தறியில் அமர்ந்த நெசவாளரின் உழைப்பை அறிய காஞ்சிபுரத்துக் கோர்வை முறையைப் பார்க்க வேண்டும். சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இருக்க வேண்டுமானால் மூன்று நாடாக்கள் தேவைப்படுகின்றன: ஒன்று உடலுக்கு, இரண்டு இருபுறக் கரைகளுக்கு. உடலின் ஊடை கரையின் ஊடையுடன் ஒவ்வொரு வரிசையிலும் கோர்க்கப்படுவதால், நெசவாளர் ஒருவர் மட்டும் அதைச் செய்ய இயலாது. மறுகரையில் உதவியாளர் ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். குழித்தறியின் பள்ளத்தில் கால்கள் மிதியை மாற்றி மாற்றி அழுத்த, ஒரு கை நாடாவை எறிய, மறு கை அச்சை இழுத்து அடிக்க, ஒரு சேலை முடியப் பத்து நாட்களோ இருபது நாட்களோ ஆகும். கனமான எடையை ஒருமுறை தூக்கி வைக்கும் வேலை போன்றதன்று இது. சிறு அசைவு பல்லாயிரம் முறை திரும்பத் திரும்ப நிகழும் வேலை. இத்தகைய உழைப்புக்குத் தசை எதை எரிபொருளாகக் கொள்கிறது என்ற கேள்விக்கான விடையின் முக்கியப் பகுதியைக் கண்டவர், சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ் ஆவார்.

1895-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்த சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடையில் அறுவைக் கூடத்திற்கு வந்தார். ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளானதால், முழு மருத்துவப் பட்டத்திற்குப் பதில் அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றே அவருக்குக் கிடைத்தது. கைத்தறித் துணியை உடுத்தியதற்காக விலை கொடுத்த ஒருவரே, தறியை இயக்கும் உடலின் வேதியியலைப் பின்னாளில் விளக்கினார் என்பது நெசவு வட்டாரத்தார் நினைவில் கொள்ளத்தக்கது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்த பின்னர், 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டன் சென்று ஹார்வர்டில் சேர்ந்தார்.

1922-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு, தசையில் தோன்றும் வெப்பத்தையும் லாக்டிக் அமிலத்தையும் ஆராய்ந்த ஆர்ச்சிபால்ட் ஹில்லுக்கும் ஓட்டோ மேயர்ஹோஃபுக்கும் உரியதாயிற்று. லாக்டிக் அமிலம் உருவாவதே தசைச் சுருக்கத்தை நேரடியாக நிகழ்த்துகிறது என்று அப்போது பரவலாகக் கருதப்பட்டது. சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் பணியாற்றிய சுப்பாராவ், 1925-இல் திசுக்களிலுள்ள பாஸ்பரஸின் அளவை நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு கணிக்கும் முறையை வெளியிட்டார். இருவர் பெயராலும் வழங்கும் அம்முறை உலக ஆய்வுக்கூடங்களில் பல பதிற்றாண்டுகள் நிலைத்தது. அதே முறையால் தசையைச் சோதித்தபோது, எளிதில் சிதையும் ஒரு பாஸ்பரஸ் சேர்மம் அதில் இருப்பது தெரிந்தது. 1927-இல் அது பாஸ்போகிரியேட்டின் என்று இனங்காணப்பட்டது. 1929-இல் ஃபிஸ்கும் சுப்பாராவும் ஏடிபியைப் பிரித்தெடுத்தார்கள்; ஜெர்மனியில் கார்ல் லோமன் அதே ஆண்டில் தனியாக அதைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டு டென்மார்க்கின் ஐனார் லண்ட்ஸ்கோர், லாக்டிக் அமிலம் உருவாகாதபடி நஞ்சூட்டிய தசையும் சுருங்குகிறது என்றும், அப்போது பாஸ்போகிரியேட்டின் குறைகிறது என்றும் காட்டியதோடு பழைய கொள்கை வீழ்ந்தது. ஏடிபியே தசைச் சுருக்கத்தின் நேரடி எரிபொருள் என்பதற்கான நேர்ச்சான்று 1962-இல் கிடைத்தது. சுப்பாராவ் அதைக் காண இல்லை, 1948-இலேயே மறைந்துவிட்டார். ஹார்வர்டில் நிலையான பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. 1940-இல் லெடர்லி நிறுவனத்திற்குச் சென்று, அங்கே அவர் வழிநடத்திய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது. யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசின் மருந்தும் அவருடைய ஆய்வுக்கூடத்தில் உருவானதே. அந்நோய் நெடுங்காலம் வாட்டிய செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தினர் அவருக்கு இருமடங்கு கடன்பட்டவர்கள்.

இவற்றால் தெளிவாவது இதுதான். தசையில் எந்நேரமும் இருப்பில் உள்ள ஏடிபி சில நொடிகளுக்கே போதுமானது. பாஸ்போகிரியேட்டின் அதை மேலும் சில நொடிகள் தாங்கிப்பிடிக்கும். அதற்குள் புதிய ஏடிபி ஆக்கப்பட வேண்டும். ஆக்சிஜன் போதாதபோது குளுக்கோஸ் பாதியளவு சிதைந்து லாக்டிக் அமிலமாகி இரண்டு ஏடிபியை மட்டும் தருகிறது. ஆக்சிஜன் போதுமான அளவு கிடைக்கும்போது, ஹான்ஸ் கிரெப்ஸ் 1937-இல் விளக்கிய சுழற்சியும் அதைத் தொடர்ந்த எலக்ட்ரான் கைமாற்றமும் மைட்டோகாண்டிரியாவில் நிகழ்ந்து, அதே குளுக்கோஸிலிருந்து ஏறத்தாழ 30 ஏடிபி கிடைக்கின்றன. நாள் முழுதும் மிதியை அழுத்தும் நெசவாளரின் தசை இந்த இரண்டாம் வழியையே பெரிதும் நம்பியிருக்கிறது. மைட்டோகாண்டிரியாவும் பசுங்கணிகத்தைப் போலவே சவ்வின் ஒருபுறம் ஹைட்ரஜன் அயனிகளைக் குவித்து ஏடிபி ஆக்குகிறது என்று 1961-இல் பீட்டர் மிட்செல் முன்வைத்த கருத்து, முதலில் ஏற்கப்படாமல், 1978-இல் நோபல் பரிசு பெற்றது. இலையும் புழுவும் மனிதரும் ஒரே முறையால் இயங்குவதற்குக் காரணம், அவ்விரு நுண்ணுறுப்புகளும் பழங்காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்களின் வழிவந்தவை என்பதே.

தசை தான் பெறும் ஆற்றலில் சுமார் நான்கில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. இந்தக் கணக்கு தறியின் இருபுறமும் அமர்ந்த இருவருக்கும் பொருந்தும். ஆனால் கூலி சேலைக்கு இவ்வளவு என்று நெசவாளர் பெயரிலேயே கணக்கிடப்பட்டு வந்ததால், மறுகரையில் அமர்ந்த மனைவியின் உழைப்பு கூலிக் கணக்கில் தனியாக இடம்பெறவில்லை. அதைவிடக் கொடியது, நெடுங்காலம் அந்த இடத்தில் குழந்தைகள் அமர்த்தப்பட்டது. முன்பணம் வாங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லாமல் தறிக்குச் சென்றார்கள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்த பின்னரும் 1990-களில் காஞ்சிபுரம் வட்டாரத்தில் இது பரவலாக இருந்தது. வளரும் உடலில் ஏடிபியின் ஒரு பங்கு எலும்பையும் தசையையும் மூளையையும் கட்டுவதற்கு உரியது. போதிய உணவின்றி உழைக்கும் குழந்தையின் உடலில் அந்தப் பங்கு குறைகிறது. பட்டின் பெருமையைப் பேசும் எந்த வரலாறும் இந்த இழப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அது முழுமையான வரலாறாகாது.

வாலாஜாபாத், ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை ஆகிய ஊர்களின் பள்ளிகளில் ஒளிச்சேர்க்கையையும் உயிரணுச் சுவாசத்தையும் கற்பிக்கும் ஆசிரியர்கள், அப்பாடத்தை மாணவர்களின் வீட்டுத் தறியிலிருந்தே தொடங்கலாம். ஏடிபி என்று கரும்பலகையில் எழுதும்போது, சென்னையில் படித்த சுப்பாராவின் பெயரையும் 1929 என்ற ஆண்டையும் அதன் அருகில் எழுத வேண்டும். கோர்வைத் தறியின் இரண்டாம் இருக்கையில் அமர்பவருக்கும் தனிக் கூலி உண்டு என்பதைக் கூட்டுறவுச் சங்கங்களும் முதலாளிகளும் கணக்கேட்டில் எழுத வேண்டும்.